மிளகாய்த் தூள் கதிரூட்டியதா இல்லையா: சோதனைக்கூடத்தில் கண்டுபிடிக்கும் முறை

கதிரூட்டிய, அதாவது காமா போன்ற கதிர் பாய்ச்சிய, உணவுக்கு இடும் பச்சை நிற ராதுரா குறி பொட்டலத்தில் இல்லை. கூடவே வந்த சான்றிதழில் 'கதிரூட்டவில்லை' என்று இருக்கிறது. வாங்குபவர் அதை உறுதிப்படுத்தச் சொல்கிறார். இதற்காக கைகர் கவுண்ட்டரை எடுத்து வந்தால் நேரம்தான் வீணாகும். கதிரூட்டப் பயன்படும் கோபால்ட்-60 விடும் காமாக் கதிர்களின் ஆற்றல் 1.17, 1.33 மெகா எலக்ட்ரான் வோல்ட். ஒரு பொருளைக் கதிரியக்கம் உள்ளதாக மாற்ற அது போதாது. சூடு ஏறிய தடமும் இருக்காது. பொருள் வாங்கிய கதிரைக் கிலோகிரேயில் அளப்பார்கள். 10 கிலோகிரே என்பது கிராமுக்கு 10 ஜூல்; அத்தனையும் தண்ணீரில் வெப்பமாக மாறினாலும் ஏறுவது 2.4 டிகிரிதான்.

ஆனால் கதிர் பாய்ந்த இடத்தில் எலக்ட்ரான்கள் பிய்த்துக்கொண்டு போகின்றன. ஈரப்பதமுள்ள சதையில் இதன் விளைவுகள் ஒன்றோடொன்று வினைபுரிந்து கண நேரத்தில் அடங்கிவிடும். எலும்பு, விதை ஓடு, மணல் துகள் போன்ற கெட்டியான, உலர்ந்த பொருளில் அவற்றால் நகர முடியாது. அங்கே மாதக்கணக்கில், சிலவற்றில் ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கும். ஆகவே உணவைச் சோதிப்பதாக நினைக்க வேண்டாம். உணவோடு சேர்ந்து கதிர் வாங்கிய கெட்டிப் பொருளைத்தான் தேடிப் பிடிக்கிறோம்.

எதில் தேடுவது

மிளகாய், மல்லி, மஞ்சள், சீரகம், உலர்ந்த கீரை என்றால் அவற்றில் ஒட்டியிருக்கும் மண்தூசி. இறால் என்றால் குடலில் கிடக்கும் மணல். கோழி, ஆடு, மீன் என்றால் எலும்பு. பிஸ்தாவுக்கு ஓடு. உலர்ந்த அத்தி, திராட்சை, மாம்பழம், பப்பாளியில் படிகமாகிவிட்ட சர்க்கரை. எலும்பும் தூசியும் இல்லாத கறி, சீஸ், முட்டை என்றால் கொழுப்பு. இவை ஒவ்வொன்றுக்கும் ஐரோப்பியத் தரநிலை உண்டு: தூசியின் வெப்ப ஒளிர்வுக்கு இ.என். 1788, ஒளித்தூண்டல் ஒளிர்வுக்கு 13751, எலும்புக்கு 1786, ஓட்டிலுள்ள செல்லுலோஸுக்கு 1787, சர்க்கரைக்கு 13708, கொழுப்புக்கு 1785.

இந்தியாவில் மசாலாப் பொருட்களின் நுண்ணுயிரைக் குறைக்க அனுமதித்திருக்கும் அளவு 6 முதல் 14 கிலோகிரே. நவி மும்பை வாஷியில் 2000 முதல் இதற்கென்றே ஓர் ஆலை இயங்குகிறது. இந்த அளவு கதிர் வாங்கிய மசாலாவைக் கண்டுபிடிப்பது எளிது. மகாராஷ்டிரத்தின் லாசல்காவில் முளைவிடாமல் இருக்க வெங்காயத்துக்குக் கொடுக்கும் அளவு இதில் நூறில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் நிற்கும். அது வேறு தரத்துச் சிக்கல். இங்கே மசாலாவையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறோம்.

மாதிரி வந்த நிமிடத்திலிருந்து வெளிச்சம் பகை. பொட்டலத்தை அலுமினியத் தாளில் சுற்றி இருட்டில் வையுங்கள். கண்ணாடிப் பாட்டிலில் கடை ஜன்னலோரம் வாரக்கணக்கில் நின்ற சரக்கு என்றால் அதன் மேற்பகுதியை ஒதுக்கிவிட்டு நடுவிலிருந்து எடுங்கள். சோதனை மேசையில் மங்கிய சிவப்பு விளக்கு போதும். டியூப் லைட் கூடாது.

முதல் சல்லடை: ஒளித்தூண்டல் ஒளிர்வு

ஃபெல்ட்ஸ்பார் கனிமத்தில் சிக்கிய எலக்ட்ரானை அகச்சிவப்பு ஒளி துடிப்புகளால் கிளப்பிவிட்டால், அது திரும்பித் தன் இடம் சேரும்போது நீல ஒளியாக உமிழும். அதைத்தான் கருவி எண்ணுகிறது. தூளை 5 செ.மீ. பெட்ரி தட்டில் அடி மறைய மெல்லிய படலமாகப் பரப்பி, அறைக்குள் வைத்து 60 நொடி எண்ண விடுங்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் இரண்டு தட்டு. தொடக்கத்திலும் முடிவிலும் காலித் தட்டு ஒன்று வைத்துப் பாருங்கள். அறைக்குள் சிந்திய ஒரு துகள்கூட அடுத்த மாதிரியைக் குற்றவாளி ஆக்கிவிடும்.

மசாலாவுக்கு எல்லைகள்: 60 நொடியில் 700-க்குக் கீழ் என்றால் எதிர்மறை, 5,000-க்கு மேல் என்றால் நேர்மறை, நடுவில் என்றால் முடிவில்லை. நடுவில் வந்ததை இருமுறை மும்முறை எண்ணி நேரத்தைப் போக்காதீர்கள். அகச்சிவப்பு ஒளியே சிக்கிய எலக்ட்ரான்களை வெளியேற்றுவதால் அதே தட்டு ஒவ்வொரு முறையும் குறைந்த எண்ணையே தரும்.

எதிர்மறை முடிவை அப்படியே நம்புவதில்தான் ஆபத்து. வெள்ளை மிளகு, கிராம்பு, பட்டை, அரைத்த மிளகு ஆகியவற்றில் தூசி மிகக் குறைவு. 10 கிலோகிரே வாங்கியிருந்தாலும் 700-ஐத் தொடாமல் போகலாம். தூசி முழுக்க குவார்ட்ஸாக இருந்தாலும் அதே கதை, ஏனென்றால் அறை வெப்பத்தில் குவார்ட்ஸ் அகச்சிவப்புக்கு மசியாது. எனவே எண்ணி முடித்த தட்டை 1 கிலோகிரே கதிரூட்டி மீண்டும் எண்ணுங்கள். அப்போதும் எண் தாழ்ந்தே இருந்தால் மாதிரிக்கு உணர்திறன் இல்லை என்று பொருள். முதல் எண்ணுக்கு மதிப்பில்லை. உப்பு கலந்த மசாலாவில் உப்பின் ஒளிர்வே மற்றதை மூடிவிடும், அதை இந்தக் கருவியில் தீர்ப்புக்குக் கொண்டுவரவே வேண்டாம்.

தீர்ப்பு சொல்லும் சோதனை: வெப்ப ஒளிர்வு

இங்கே தூசியைத் தனியே பிரித்தெடுத்து, சுட்டு, வரும் ஒளியை அளக்கிறோம். பிரித்தெடுப்பதுதான் மொத்த வேலையில் முக்கால் பங்கு. அதில் கவனம் பிசகினால் ஒளியை அளக்கும் ரீடர் எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் காப்பாற்றாது.

100 முதல் 200 கிராம் தூளை அயனி நீக்கிய நீரில் கலக்கி அல்ட்ராசோனிக் பாத்தில் 5 நிமிடம் வையுங்கள். தூசி கழன்று வரும். 125 மைக்ரான் நைலான் வலையில் வடிகட்டி, வலை வழியே இறங்கிய நீரைச் சிறிது நேரம் நிற்க விட்டு, அடியில் படிந்ததைச் சோதனைக் குழாய்க்கு மாற்றுங்கள். முழு மிளகாய் வற்றல் என்றால் அரைக்கக் கூடாது, அப்படியே அலசினால் போதும். ராமநாதபுரம் பக்கம் களத்தில் பரப்பிக் காயவைத்த வற்றலில் தூசிக்குப் பஞ்சமே இருக்காது. மெஷினில் உலர்த்திக் காம்பு நீக்கிச் சுத்தம் செய்த சரக்குதான் பொறுமையைச் சோதிக்கும். வலைத்துணியை மாதிரிக்கு ஒன்றாக வெட்டிப் பயன்படுத்தித் தூக்கிப் போடுங்கள். கழுவிப் பயன்படுத்திய வலையில் நேற்றைய மாதிரியின் ஒரு மணல் துகள் மாட்டியிருந்தால், இன்றைய மாதிரி கதிரூட்டியதாகத் தெரியும்.

குழாயில் இப்போது கனிமமும் மிளகாயின் நுண்துகளும் கலந்து இருக்கும். சென்ட்ரிஃபியூஜ் செய்து நீரை வடித்துவிட்டு, மி.லி.க்கு 2.0 கிராம் அடர்த்தியுள்ள சோடியம் பாலிடங்ஸ்டேட் கரைசல் 5 மி.லி. ஊற்றுங்கள். குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, ஃபெல்ட்ஸ்பார் ஏறத்தாழ 2.6, இரண்டும் மூழ்கும். தாவரத் துகள் மிதக்கும். அல்ட்ராசோனிக்கில் சில நிமிடம் கலக்கிவிட்டு, புவி ஈர்ப்பைப்போல் 1,000 மடங்கு விசையில் 2 நிமிடம் சுழற்றுங்கள். மேலே தக்கை போல் திரளும் சிவப்புப் படலத்தின்மேல் மெதுவாக நீரை விட்டு, படலத்தை பிப்பெட்டால் உறிஞ்சி எடுங்கள். டங்ஸ்டேட் தெளியும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். மிளகாய்க்கு ஒருமுறை பெரும்பாலும் போதாது.

கரைசலின் அடர்த்தியை ஒவ்வொரு நாளும் சரிபாருங்கள்: 1 மி.லி. எடுத்து நிறுத்தால் 2.00 கிராம் காட்ட வேண்டும். 1.9-க்கு இறங்கினால் கனமான தாவரத் துகளும் கனிமத்தோடு கீழே போய்விடும். குழாய்த் தண்ணீரை இதில் விடவே கூடாது; அதிலுள்ள கால்சியம் கரைசலை வெண்மையாகத் திரிய வைக்கும். இரும்புக் கரண்டி பட்டால் நீலமாகும். விலை அதிகம் என்பதால் வடிகட்டி ஆவியாக்கி மீட்டுக்கொள்கிறார்கள், அதில் தவறில்லை. கதிரூட்டிய மாதிரியில் மீட்டதை மிக நுண்ணிய வடிதாளில் வடிக்காமல் மீண்டும் எடுப்பதுதான் தவறு.

டங்ஸ்டேட்டை நீரால் நன்றாக அலசுங்கள், குறைந்தது இருமுறை. மிச்சமிருந்தால் பிறகு அளவீட்டுக்கான எஃகு வட்டில் வெள்ளைப் படலமாகக் காய்ந்து ஒளியை மறைக்கும். அடுத்து 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 2 மி.லி. விட்டு இருட்டில் 10 நிமிடம் வையுங்கள். சுண்ணாம்புத் துகள்கள் நுரைத்துக் கரையும். அவை இருந்தால் தம் சொந்த ஒளிர்வைச் சேர்த்துக் கணக்கைக் குழப்பும். பிறகு 1 மோலார் அம்மோனியாக் கரைசலால் நடுநிலையாக்கி 10 நிமிடம் விட்டு, நீரால் இருமுறை அலசி, கடைசியாக அசிட்டோன் 3 மி.லி. விட்டு எஞ்சிய நீரை அகற்றுங்கள்.

10 மி.மீ. விட்டமுள்ள துருப்பிடிக்கா எஃகு வட்டுகளை முன்னரே எடை போட்டு எண் குறித்து வைத்திருங்கள். அசிட்டோனில் கலக்கிய கனிமத்தைச் சொட்டுச் சொட்டாக வட்டில் விட்டுக் காயவிடுங்கள். ஒரு வட்டில் 0.1 முதல் 5 மில்லிகிராம் வரை இருக்கலாம். ஒட்டவில்லையென்றால் முதலில் சிலிக்கோன் ஸ்பிரே மெல்லியதாக அடியுங்கள். வட்டை லேசாகச் சாய்த்துப் பாருங்கள்: துகள் சரிந்தால் முதல் அளவீட்டுக்கும் (குளோ-1), வட்டைக் கதிரூட்டிய பின் எடுக்கும் இரண்டாவது அளவீட்டுக்கும் (குளோ-2) நடுவில் எடை குறைந்து விகிதம் பொய்யாகும். இதே வேலைகள் அனைத்தையும் மாதிரி இல்லாமல் வெறும் கரைசல்களைக் கொண்டு இணையாகச் செய்து, சில வெற்று வட்டுகளும் தயாரித்துக்கொள்ளுங்கள்.

வட்டுகளை 50 டிகிரி அடுப்பில் ஓர் இரவு வைப்பதைச் சிலர் நேரமில்லை என்று தவிர்க்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். பொறி என்பது கனிமத்தில் எலக்ட்ரான் சிக்கி நிற்கும் இடம். குவார்ட்ஸில் 110 டிகிரியில் ஒளிரும் பொறி போன்ற பலவீனமான பொறிகள் அறை வெப்பத்திலேயே மணிக்கணக்கில் காலியாகும். பழைய சரக்கில் அவை எப்போதோ காலி. இன்று கதிரூட்டிய வட்டில் நிறைந்திருக்கும். இரண்டையும் சமநிலைக்குக் கொண்டுவருவது அந்த 50 டிகிரி இரவுதான். குளோ-1-க்கு முன்னும் குளோ-2-க்கு முன்னும் அதைச் செய்தாக வேண்டும்.

இனி அளவீடு. 70 டிகிரியில் தொடங்கி, நொடிக்கு 6 டிகிரி வீதம், 350 முதல் 500 டிகிரிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். அறையில் தூய நைட்ரஜன் ஓட வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் எஞ்சிய தாவரத் துகள் எரிந்து தானாகவே ஒளி விடும். அளந்து முடித்த வட்டு கருகியிருந்தால் அந்த முடிவைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பிரித்தெடுப்பதை மீண்டும் தொடங்குங்கள். இந்தச் சூட்டில் வரும் வளைகோடு குளோ-1.

அடுத்து அதே வட்டுகளுக்கு 1 கிலோகிரே. உரிமம் பெற்ற காமா அறைக்கு அனுப்பலாம். ரீடருக்குள் ஸ்ட்ரான்சியம்-90 பீட்டா மூலம் இருந்தால் அதையும் பயன்படுத்தலாம், பொறுமை வேண்டும்: நொடிக்கு 0.1 கிரே தரும் மூலத்தில் ஒரு வட்டுக்கு 10,000 நொடி, அதாவது 2 மணி 47 நிமிடம் ஆகும். மீண்டும் 50 டிகிரி இரவு, மீண்டும் அதே வேகத்தில் சூடேற்றல். இது குளோ-2.

வளைகோட்டைப் படிப்பது

150 முதல் 250 டிகிரி வரையிலான பரப்பை இரண்டிலும் எடுத்து, குளோ-1-ஐ குளோ-2-ஆல் வகுக்க வேண்டும். 0.1-க்கு மேல் இருந்து, குளோ-1-இன் முகடும் 150–250 டிகிரிக்குள் விழுந்தால் மாதிரி கதிரூட்டியது. உரிய அளவு கதிர் வாங்கிய மசாலாவில் இந்த விகிதம் பெரும்பாலும் 1-ஐத் தாண்டும்.

முகடு எங்கே விழுகிறது என்பதற்கு ஏன் இவ்வளவு அக்கறை? பூமியில் கிடந்த எந்த மணலும் இயற்கைக் கதிர்வீச்சை லட்சக்கணக்கான ஆண்டுகள் வாங்கியிருக்கும். அதன் ஆழமான பொறிகள் நிறைந்தே இருக்கும். அவை 300 டிகிரிக்கு மேல் ஒளிரும். ஆழமற்ற பொறிகள் அவ்வப்போது காலியாகிக்கொண்டே வந்திருக்கும். அவற்றை அண்மையில் யாரோ நிரப்பினால்தான் 200 டிகிரிக்குப் பக்கத்தில் முகடு எழும்.

வெற்று வட்டுகளின் சராசரியோடு அவற்றின் திட்ட விலக்கத்தை மூன்று மடங்காக்கிக் கூட்டினால் வருவது கண்டறியும் எல்லை. குளோ-2 இந்த எல்லையைவிடப் பத்து மடங்காவது இருக்க வேண்டும். இப்படி வைத்துக்கொள்வோம்: எல்லை 1,200. முதல் வட்டில் குளோ-1 84,000, குளோ-2 61,000, முகடு 190 டிகிரி, விகிதம் 1.38, தீர்ப்பில் சந்தேகமில்லை. இரண்டாவதில் 2,100-க்கு 58,000, முகடு 330, விகிதம் 0.036, கதிரூட்டிய தடயம் இல்லை. மூன்றாவதில் 1,500-க்கு 4,000. விகிதம் 0.375 என்று பார்த்ததும் கை பரபரக்கும். ஆனால் குளோ-2 12,000-ஐத் தொடவில்லை. வட்டில் போதிய கனிமமே இல்லை. விகிதத்தை எழுதவே கூடாது, அதிக தூள் எடுத்து மீண்டும் பிரிக்க வேண்டும்.

விகிதம் 0.06, முகடு மட்டும் 190-இல் தெளிவாக நிற்கிறது என்றால் கலப்படத்தைச் சந்தேகியுங்கள். கதிரூட்டிய பூண்டுத் தூள் சிறிதளவு சேர்ந்த மசாலாவில் இப்படித்தான் வரும். இங்கே எண்ணைவிட வளைகோட்டின் உருவம் நம்பகமானது.

எலும்பும் ஓடும்

எலும்பின் கனிமத்தில் பாஸ்பேட்டின் இடத்தில் அங்கங்கே கார்பனேட் புகுந்திருக்கும். கதிர்பட்டதும் அதிலிருந்து கார்பன் டை ஆக்சைடு எதிரயனித் தனி உறுப்பு (ஃப்ரீ ராடிக்கல்) பிறந்து அங்கேயே சிறைப்படும். இணையற்ற எலக்ட்ரான் இருப்பதால் எலக்ட்ரான் சுழற்சி ஒத்ததிர்வுக் கருவி, அதாவது இ.எஸ்.ஆர்., அதைப் பார்த்துவிடும். ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் பிழைத்தவர்கள் வாங்கிய கதிரளவைப் பல்லின் எனாமலிலிருந்து கணக்கிடப் பயன்பட்டதும் இதே தனி உறுப்புதான்.

சதையைச் சுரண்டி நீக்கி, எலும்பைச் சிறு துண்டுகளாக வெட்டி, 40 டிகிரியில் வெற்றிட அடுப்பில் உலர்த்துங்கள். மாவாக அரைக்காதீர்கள், அரைக்கும் உராய்விலேயே புதிய தனி உறுப்புகள் பிறக்கும். ஏறத்தாழ 100 மில்லிகிராம் துண்டுகளை குவார்ட்ஸ் குழாயில் இட்டு, 9.5 கிகாஹெர்ட்ஸில், 5 முதல் 12.5 மில்லிவாட் திறனில், 0.2 முதல் 0.4 மில்லிடெஸ்லா பண்பேற்றத்தில் அளக்கலாம். ஒவ்வொரு கோட்டுக்கும் அடையாளமான ஜி மதிப்பைக் கணக்கிட, கிகாஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணை 71.448-ஆல் பெருக்கி மில்லிடெஸ்லாவில் உள்ள காந்தப்புலத்தால் வகுங்கள். அதிர்வெண் சரியாக 9.500 என்றால் கதிரூட்டிய எலும்பின் இரண்டு ஜி மதிப்புகளும் (2.002, 1.998) 339.04, 339.72 மில்லிடெஸ்லாவில் விழும். இடைவெளி 0.68தான், ஆகவே புலத்தை முன்கூட்டித் திட்டப் பொருளால் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கதிர்படாத எலும்பில் 2.005-இல், 338.5-க்குப் பக்கத்தில், பரந்த சமச்சீரான ஒற்றைக் கோடு மட்டுமே தெரியும். கதிரூட்டிய எலும்பிலும் அதன் எச்சம் இருக்கும்; அதைக் குற்றச்சாட்டாக எடுக்க வேண்டாம்.

பிஸ்தா ஓட்டில் செல்லுலோஸின் தடயம் நடுக்கோட்டுக்கு இருபுறமும், ஒன்றுக்கொன்று 6 மில்லிடெஸ்லா இடைவெளியில், இரண்டு சிறு கோடுகளாக வரும். இங்கே திறனை 0.4 முதல் 0.8 மில்லிவாட்டுக்குள் வையுங்கள். எலும்புக்கு வைத்த திறனையே விட்டுவைத்தால் குறி நிறைவுற்று மங்கிவிடும். தாவரப் பொருளில் மாங்கனீஸின் ஆறு கோடுகள் ஊடே வந்து குழப்பும் என்பதால் இரண்டு கோடுகளும் தெரிந்தால்தான் கணக்கில் எடுங்கள். ஈரம் பட்டால் இந்தத் தடயம் வாரங்களிலேயே கரையும். இல்லாததை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது.

கொழுப்பு

கதிர்பட்ட ட்ரைகிளிசரைடு உடைந்து வளையமாகச் சுருண்டு 2-அல்கைல்சைக்ளோபியூட்டனோன் ஆகும். பால்மிடிக் அமிலத்திலிருந்து 2-டோடெசைல், ஸ்டியரிக் அமிலத்திலிருந்து 2-டெட்ராடெசைல். ஹெக்சேனில் கொழுப்பை எடுத்து, 200 மில்லிகிராமை ஃப்ளோரிசில் தூள் நிரப்பிய கம்பத்தில் ஏற்றி, முதலில் வெறும் ஹெக்சேன், பிறகு 1 சதவீத டையெத்தில் ஈதர் கலந்த ஹெக்சேன் விட்டு இறக்குங்கள். இரண்டாவது பகுதியை வாயு நிறப்பகுப்பு–நிறை நிறமாலைக் கருவியில் (ஜி.சி.-எம்.எஸ்.) 98, 112 என்ற நிறைகளில் பாருங்கள். 98-இன் உயரம் 112-ஐப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு இல்லையென்றால், கருவியில் தங்கும் நேரம் பொருந்தினாலும் அது நீங்கள் தேடும் சேர்மம் இல்லை. முந்திரி, ஜாதிக்காய் விஷயத்தில் மட்டும் சற்று நிதானம் வேண்டும்: கதிர்படாதவற்றிலும் இந்தச் சேர்மங்களைக் கண்டதாக மும்பை பாபா அணு ஆராய்ச்சி மைய ஆய்வாளர்கள் 2008-ல் எழுதினார்கள், அது விவாதத்துக்கும் உள்ளானது. அந்த இரண்டுக்கும் வேறொரு முறையால் துணைச் சான்று தேடிக்கொள்வது நல்லது.

அறிக்கையும் மிச்ச மாதிரியும்

எந்தச் சோதனையின் முடிவிலும் 'கதிரூட்டப்படவில்லை' என்று எழுதாதீர்கள். 'கதிரூட்டியதற்கான தடயம் கிடைக்கவில்லை' என்பதே சரி. குளோ-1, குளோ-2 வளைகோடுகள், வெற்று வட்டின் எல்லை, கணக்கிட்ட வெப்ப இடைவெளி, குளோ-2-க்கு முன் கொடுத்த கதிரளவு, அதைக் கொடுத்த நாள் ஆகியவை அறிக்கையோடு இருக்க வேண்டும். எவ்வளவு கிலோகிரே வாங்கியது என்று வாங்குபவர் கேட்பார். விகிதத்திலிருந்து அதைச் சொல்ல முயலாதீர்கள். கதிரூட்டிய பின் எத்தனை நாள், எந்த வெயிலில் சரக்கு கிடந்தது என்று தெரியாமல் அந்த எண்ணைத் தர வழியில்லை.

குளோ-1 எடுத்த வட்டு ஒருமுறை சுட்டதோடு தன் சாட்சியத்தை இழந்துவிடுகிறது, அதை எடுத்து வைத்துப் பயனில்லை. யாராவது முடிவை எதிர்த்துக் கேட்டால் மறுபடி பிரித்தெடுக்க வேண்டியிருக்கும். அதனால் முதல் நாளே மாதிரியைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதியை அலுமினியத் தாளில் சுற்றி, முத்திரையிட்டு, இருட்டான குளிர்ந்த அலமாரியில் காமா அறைக்குப் போய்வந்த பொருட்களிலிருந்து தள்ளி வையுங்கள்.